கிரேக்கப் படையல் தேன் கேக்: மூன்று வகை, மாவு பிசைவதிலிருந்து தேன் ஊற்றுவது வரை

கி.மு. 480. பாரசீகப் படை ஏதென்ஸை நெருங்கிவிட்டது. அக்ரோபோலிஸ் குன்றின் மேலிருந்த கோயிலை ஒரு பெரிய பாம்பு காவல் காக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. அதற்கு மாதாமாதம் ஒரு தேன் கேக் படைப்பார்கள். அதுவும் ஒவ்வொரு மாதமும் தீர்ந்துவிடும். அந்த முறை மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்தது. பூசாரிப் பெண் வந்து இதைச் சொன்னதும், ஏதீனா தேவியே குன்றை விட்டுப் போய்விட்டாள் என்று ஜனங்கள் இன்னும் வேகமாக மூட்டை கட்டினார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பாம்பு நிஜமாகவே இருந்ததா என்பதில் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை போல. 'இருப்பதாகவே எண்ணிப் படைக்கிறார்கள்' என்ற தொனியில்தான் எழுதுகிறார். ஆனால் கேக் இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த மாதிரிக் கேக்கை இன்றைய அடுப்பில் எப்படிச் சுடுவது என்பதுதான் இங்கே விஷயம். தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கர்கள் எந்தக் கேக் எந்தத் தெய்வத்துக்கு, எந்த நாளில், என்ன வடிவில் என்று நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை பங்கு மாவு, எத்தனை பங்கு தேன், எவ்வளவு நேரம் என்பதைப் பெரும்பாலும் எழுதவில்லை. மாவு பிசையத் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. படையலில் வடிவமும் எண்ணிக்கையும்தான் முக்கியம். அது பிசகினால் படையலே பிசகியது மாதிரி. அதனால் கீழே வடிவம் பழைய ஆதாரங்களை ஒட்டியது, அளவு நம் அடுப்புக்கு ஏற்ப நான் வகுத்தது. எது எங்கிருந்து வருகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

யாருக்கு எது

கிரேக்க வழிபாடு என்றால் எருதும் ஆடும் பலியிடுவது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது பெரிய திருவிழாக்களின் கதை. அன்றாடத்தில் மாவும் தேனும்தான் ஓடியது. அக்ரோபோலிஸில் எரெக்தியோன் கோயிலின் முன்னால் ஸீயஸுக்கு ஒரு பலிபீடம் இருந்தது. அதில் உயிர்ப்பலி கிடையாது, மதுவும் கிடையாது, கேக் மட்டும்தான் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ப் பார்த்து எழுதிய பௌசானியாஸ் சொல்கிறார். ஏதென்ஸின் பழங்கதை அரசன் கெக்ரோப்ஸ்தான் உயிருள்ள எதையும் பலியிட மறுத்து, அதற்குப் பதில் கேக்கை எரித்தான் என்பதும் அவர் தரும் செய்திதான்.

பிரேயஸ் துறைமுகத்தில் வைத்தியக் கடவுள் அஸ்க்லெப்பியோஸின் கோயிலில் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நோயாளி முன்படையலாக என்னென்ன வைக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. மலெயட்டாஸுக்கு 3 கேக், அப்பொல்லோவுக்கு 3, ஹெர்மெஸுக்கு 3, இயாஸோவுக்கு 3, அக்கெஸோவுக்கு 3, பனக்கெயாவுக்கு 3. அதோடு நிற்கவில்லை: நாய்களுக்கு 3, நாய்களை நடத்துவோருக்கு 3. இந்த வரிசையில் வருவது போபனோன் என்ற சின்ன வட்டக் கேக். நாம் முதலில் சுடப்போவதும் அதுதான்.

லெபடெயா ஊரில் ட்ரோஃபோனியோஸ் என்ற தெய்வத்திடம் குறிகேட்கக் குழிக்குள் இறங்குகிறவர்கள், தேன் விட்டுப் பிசைந்த பார்லி உருண்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கால் முன்னே போகும்படி படுத்துச் சறுக்குவார்களாம். கீழே இருக்கும் பாம்புகளுக்குக் கொடுக்கத்தான். டெல்ஃபியில் குறி கேட்கும் முன் படைத்த பெலனோஸ் என்ற மாவுப் படையல், காலப்போக்கில் ரொக்கக் கட்டணமாகவே ஆகிவிட்டது. ஃபஸெலிஸ் ஊருக்கும் டெல்ஃபிக்கும் இடையிலான ஒப்பந்தக் கல்வெட்டில் அரசுக் காரியத்துக்கு 7 த்ராக்மா 2 ஒபோல், தனியாளுக்கு 4 ஒபோல் என்று அந்தக் கால நாணயக் கணக்கில் விலையே போட்டிருக்கிறது. கேக் சுடச் சோம்பல்பட்ட பக்தர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்!

தேன் மட்டும் தனியாகப் படைத்த வழக்கம் இதைவிடப் பழையது. கிரீட் தீவின் க்னோஸோஸ் அரண்மனையில் கிடைத்த, மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான களிமண் பலகை ஒன்றில், 'எல்லாத் தெய்வங்களுக்கும்' ஒரு குடம் தேன், 'லாபிரிந்த் தேவிக்கு' ஒரு குடம் தேன் என்று கணக்கு எழுதியிருக்கிறது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான் இது நமக்குத் தெரியவந்தது.

என்ன வாங்க வேண்டும்

பார்லி மாவு முதலில். ஏதென்ஸைச் சுற்றிய அட்டிக்கா பகுதியின் வறண்ட மண்ணில் கோதுமையைவிடப் பார்லிதான் நன்றாக விளைந்தது. ஏழைகளின் தானியமும் தெய்வத்தின் தானியமும் அதுவே. கடையில் மாவாகக் கிடைக்காவிட்டால் முத்துப் பார்லியை வாங்கி, வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவைத்து மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். மாவாக வாங்கியதையும் சிறுதீயில் 5, 6 நிமிடம் வறுப்பது நல்லது. வறுக்காத பார்லி மாவில் ஒரு பச்சை வாடை இருக்கும், தேன் அதை மறைக்காது. கிரேக்கர்களும் பார்லியை வறுத்தே அரைத்தார்கள்.

வெறும் பார்லியில் கேக் நிற்காது. கோதுமை மாவை இழுவையாக்கும் பசைத்தன்மை பார்லியில் குறைவு. சுட்டதும் பொலபொலவென்று உதிரும். அதனால் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கோதுமை மாவு சேர்க்கிறோம். ஆட்டா மாவே போதும், மைதா வேண்டாம்.

தேன் விஷயத்தில்தான் காசு செலவழிக்க வேண்டும். ஏதென்ஸுக்குப் பக்கத்து ஹிமெட்டஸ் மலையின் தைம் தேன் பண்டைய உலகம் முழுக்கப் பேர் பெற்றது. ஒருவர் தேன்கூடு வைத்த இடத்திலிருந்து 300 அடி தள்ளித்தான் அடுத்தவர் வைக்க வேண்டும் என்று ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த ஸோலோன் சட்டமே போட்டதாக வரலாற்று எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதுகிறார். கிரேக்கத் தைம் தேன் இன்று இறக்குமதிக் கடைகளில் கிடைக்கிறது, விலை கடுமை. இரண்டு விதத் தேன் வைத்துக்கொண்டால் செலவு அடங்கும். மாவில் பிசைய ரப்பர் தோட்டத் தேன் மாதிரி மென்மையான சாதாரணத் தேன். சுட்ட பிறகு மேலே ஊற்ற, வாசனை தூக்கலான மலைத்தேனோ தைம் தேனோ. அடுப்புச் சூட்டில் தேனின் மணம் பெரும்பகுதி பறந்துவிடும். விலை உயர்ந்ததை மாவுக்குள் போட்டால் இனிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

ஆலிவ் எண்ணெய், எள், உப்பு. இரண்டாவது கேக்குக்கு உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டி. ரிக்கோட்டா சரியாக வரும். அது இல்லையென்றால் 2 லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். பலகை வைத்து அழுத்திக் கெட்டியாக்கிய கடைப் பன்னீர் இதற்கு ஆகாது, எவ்வளவு பிசைந்தாலும் திப்பி திப்பியாக நிற்கும். ஃபெட்டா கிரேக்கத்துப் பொருள்தானே என்று வாங்கிவிடாதீர்கள், அதன் உப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சர்க்கரை, பேக்கிங் பவுடர், வனிலா எதுவும் கிடையாது. ஏலக்காய் டப்பாவுக்குக் கை தானாகப் போகும். போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தராசு மட்டும் அவசியம். தேனைக் கப்பில் அளந்தால் பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தைத் தராசில் வைத்து நேராக ஊற்றிவிடலாம்.

போபனோன்: குமிழ் வைத்த வட்டக் கேக்

தட்டையான வட்டம், நடுவில் ஒரு குமிழ். இதுதான் அடையாளம். பல குமிழ் வைத்ததும் உண்டு. ரோமானியர் காலத்து அட்டிக்காக் கல்வெட்டு ஒன்று, எந்த மாதம் எந்த நாளில் எந்தத் தெய்வத்துக்கு என்று பட்டியலிடும்போது 'ஒரு கோய்னிக்ஸ் மாவில் செய்த, பன்னிரண்டு குமிழ் வைத்த போபனோன்' என்று துல்லியமாகவே கேட்கிறது. கோய்னிக்ஸ் என்பது 1 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓர் ஆளுக்கு ஒரு நாள் தானியப் படி அது.

வறுத்து ஆறிய பார்லி மாவு 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. இதில் ஆலிவ் எண்ணெய் 50 மி.லி. விட்டு விரல் நுனியால் பிசறுங்கள். மாவு முழுக்க எண்ணெய் ஏறி, பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும் என்ற பதம் வர வேண்டும். அப்புறம் தேன் 60 கிராம் (சுமார் 3 மேசைக்கரண்டி), வெதுவெதுப்பான தண்ணீர் 60 மி.லி. இரண்டையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சேருங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்தி அடித்துப் பிசைய வேண்டாம், ஒன்று சேர்ந்தால் போதும். முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று உடனே மாவு தூவாதீர்கள். பார்லி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டால் அதே மாவு ஒட்டாமல் வந்துவிடும். அவசரப்பட்டு மாவு தூவியவர்களுக்குக் கிடைப்பது செங்கல்தான்.

ஓய்வெடுத்த மாவை 25 கிராம் உருண்டைகளாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து 1 செ.மீ. கனத்தில் தட்டுங்கள். ஓரத்தில் விரிசல் விட்டால் விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவி மூடிவிடுங்கள். இப்போது குமிழ். கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சின்ன உருண்டை. வட்டத்தின் நடுவில் விரலால் குழி செய்து, குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உருண்டையை அதில் உட்காரவைத்து லேசாக அழுத்துங்கள். குழி இல்லாமல் மேலே ஒட்டவைத்தால் சுடும்போது குமிழ் கழன்று உருண்டுவிடும். இந்த அளவுக்கு 13 அல்லது 14 கேக் வரும்.

ஓவனை 170 டிகிரிக்கு முன்சூடு செய்து, தட்டில் பேக்கிங் தாள் விரித்து 18 முதல் 20 நிமிடம். தேன் சேர்ந்த மாவு சர்க்கரை மாவைவிடச் சீக்கிரம் சிவக்கும். அதனால்தான் 180, 190 என்று போகாமல் இருக்கிறோம். 15ஆம் நிமிடமே ஒருமுறை அடியைத் திருப்பிப் பாருங்கள். அடி பொன்னிறம், மேலே வெளிறிய பழுப்பு என்றால் சரி. தொட்டால் இன்னும் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆற இறுகும்.

மேலே ஊற்ற வைத்த நல்ல தேனில் 2 மேசைக்கரண்டி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து இளக்கி, கேக் சூடாக இருக்கும்போதே தூரிகையால் தடவுங்கள். குமிழைச் சுற்றிய பள்ளத்தில் தேன் தேங்கும். அதுவே அழகு.

பன்னிரண்டு குமிழ்ப் பெரிய போபனோன் ஒன்றே சுட ஆசைப்பட்டால், எல்லா அளவையும் இரண்டரை மடங்காக்குங்கள், மாவு ஏறக்குறைய அந்த ஒரு கோய்னிக்ஸ் அளவுக்கு வந்துவிடும். 24 செ.மீ. வட்டமாக, 2 செ.மீ. கனம் தாண்டாமல் தட்டி, 160 டிகிரியில் 40 நிமிடம்.

அம்ஃபிஃபோன்: சுற்றிலும் சுடர் ஏற்றிய கேக்

மூன்றில் எனக்குப் பிடித்தது இது. முனிக்கியோன் மாதம் 16ஆம் நாள், பௌர்ணமியை ஒட்டி, பிரேயஸில் ஆர்ட்டெமிஸ் தேவிக்குத் திருவிழா. நம் கணக்கில் ஏப்ரல், மே வாக்கில் வரும். அன்று தேவிக்கு எடுத்துப் போகும் கேக்கைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீப்பந்தங்கள் எரியும். கோயில்களுக்கும் முச்சந்திகளுக்கும் அதைக் கொண்டுபோவார்கள். அன்றைக்கு மேற்கே நிலா மறையும்போதே கிழக்கே சூரியன் எழுந்து வானம் இரு பக்கமும் வெளிச்சமாக இருக்கும், அதற்காகத்தான் இந்த ஒளி என்று ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் ஃபிலோகோரோஸ் சொன்னதை, கி.பி. 200 வாக்கில் எழுதிய அதெனேயஸ் எடுத்துத் தருகிறார். பிறந்தநாள் மெழுகுவர்த்தியின் மூலமே இதுதான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. நடுவில் இத்தனை நூற்றாண்டு இடைவெளியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அளவுக்கு நான் கை நீட்டியது ரோமாபுரியிடம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் விவசாயக் கையேடு எழுதிய கேட்டோ, லீபும் என்ற படையல் கேக்குக்குத் தெளிவான அளவே கொடுத்திருக்கிறார்: பாலாடைக்கட்டி 2 பங்கு, மாவு 1 பங்கு, முட்டை ஒன்று. கட்டியை உரலில் நன்றாக அரைத்து, மாவும் முட்டையும் சேர்த்து, அடியில் இலை போட்டு, சூடான அடுப்புத் தரையில் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி மெதுவாகச் சுடச் சொல்கிறார். இதே விகிதத்தை எடுத்துக்கொண்டு தேனைச் சேர்த்தால் அருமையாக வருகிறது. இன்றும் சிஃப்னோஸ் தீவில் ஈஸ்டருக்குச் செய்யும் மெலோபிட்டா, புதுப் பாலாடைக்கட்டியும் தேனும் முட்டையும் சேர்ந்ததுதான்.

தேவையானவை: நீர் வடித்த பாலாடைக்கட்டி 300 கிராம், கோதுமை மாவு 150 கிராம் (ஒருமுறை சலித்தது), முட்டை 1, மாவுக்குள் சேர்க்கத் தேன் 60 கிராம், மேலே ஊற்ற நல்ல தேன் 80 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ஆலிவ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, பே இலை 8 அல்லது 10. முட்டை சேர்க்காதவர்கள் கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி விடலாம். கேக் கொஞ்சம் தளர்வாக வரும், சுவை குறையாது.

பே இலை பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் பிரியாணி இலை என்று கிடைப்பது பெரும்பாலும் வேறு மரத்தின் இலை. அதில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். அப்பொல்லோவின் மரமான லாரல் இலையில் நடு நரம்பு ஒன்றுதான், வாசனையும் வேறு. பெரிய கடைகளில் மத்தியதரைக்கடல் பே இலை என்று கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் வெறும் பேக்கிங் தாளே மேல். பட்டை வாசனை ஏறிய அம்ஃபிஃபோன் வேறு ஏதோ பண்டமாகிவிடும்.

செய்யும் விதம். முதலில் பாலாடைக்கட்டியை ஒரு அகலத் தட்டில் போட்டு உள்ளங்கை அடியால் தேய்த்துத் தேய்த்துப் பிசையுங்கள். விரலிடுக்கில் எடுத்து நசுக்கினால் ஒரு குருணைகூடத் தட்டுப்படக் கூடாது. வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். ஏழெட்டு நிமிடம் ஆகும், கை வலிக்கும், விடாதீர்கள். மொத்தக் கேக்கின் மென்மையும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. கேட்டோவும் 'நன்றாக அரை' என்றுதான் தொடங்குகிறார்.

அதில் தேன், முட்டை, உப்பு சேர்த்துக் கலக்கி, மாவை மூன்று தவணையாகப் போட்டுக் கரண்டியால் புரட்டுங்கள். மாவு ஈரமாக, கரண்டியில் ஒட்டி மெதுவாக விழும் பதத்தில் இருக்கும். கட்டியில் நீர் சரியாக வடியாமல் இருந்தால் ரொம்பவே தளர்ந்துபோகும். அப்போது மட்டும் 1, 2 மேசைக்கரண்டி மாவு கூடச் சேர்க்கலாம்.

தட்டில் பே இலைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வட்டமாகப் பரப்பி, எண்ணெய் தடவி, மாவை அதன்மேல் கொட்டி, ஈரக் கையால் 18 செ.மீ. வட்டமாகத் தட்டுங்கள். கனம் இரண்டு, இரண்டரை செ.மீ. இருக்கட்டும். ஓரத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் விரலால் எட்டுக் குழி போட்டுவையுங்கள். சுடர்கள் பிறகு இங்கேதான் நிற்கும். எத்தனை பந்தம் என்று பழைய நூல் எண்ணிக்கை தரவில்லை, வட்டமாக என்று மட்டும்தான் இருக்கிறது. எட்டு என்பது கேக்கின் அளவுக்குப் பொருத்தமாக நான் வைத்துக்கொண்டது.

இனி மூடிச் சுடுவது. கேக் உள்ளே அடங்கும்படியான ஒரு மண்சட்டியை, ஓவன் ஆறியிருக்கும்போதே உள்ளே வைத்து அதோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். சூடான ஓவனில் குளிர்ந்த மண்சட்டியை வைத்தால் விரிசல் விடும். 180 டிகிரி வந்ததும் கேக்கை உள்ளே வைத்து, கையுறை போட்டுச் சட்டியை அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். 25 நிமிடம் மூடியே இருக்கட்டும். சட்டிக்குள் தங்கும் ஆவியில் மேல்தோல் காயாமல் உள்ளே வெந்துவிடும். பிறகு சட்டியை எடுத்துவிட்டு 12 முதல் 15 நிமிடம், மேலே பொன்னிறம் வரும்வரை. நடுவில் குச்சி குத்தினால் ஈரப் பொடி ஒட்டலாம், மாவு ஒட்டக் கூடாது. மண்சட்டி இல்லையா? அந்த அளவுள்ள எவர்சில்வர் பாத்திரமும் வேலை செய்யும்.

எடுத்தவுடன் குச்சியால் இருபது முப்பது இடத்தில் குத்தி, 80 கிராம் தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தேனைக் கொதிக்கவிட வேண்டாம். பாட்டிலை வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் ஊற்றும் பதத்துக்கு இளகிவிடும். முதலில் தேன் மேலே குளம் கட்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் குத்திய ஓட்டைகளில் குமிழி விட்டபடி மெல்ல உள்ளே இறங்குவது தெரியும். ஓரத்தில் வழிந்ததைக் கரண்டியால் அள்ளித் திரும்ப ஊற்றுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஊற வேண்டும்.

முழுக்க ஆறிய பிறகு, மெல்லிய தேன்மெழுகுத் திரிகளின் அடியை அலுமினியத் தாளில் சுற்றிக் குழிகளில் நட்டு ஏற்றுங்கள். சூடாக இருக்கும்போது நட்டால் மெழுகு உருகிக் கேக்கில் கலந்துவிடும். பௌர்ணமி மறையும் விடியற்காலை என்பது மரபு. மாலையில் ஏற்றினால் ஆர்ட்டெமிஸ் கோபித்துக்கொள்வாளா என்பதை உங்கள் பொறுப்பில் விடுகிறேன்.

எலஃபோஸ்: மான் வடிவ எள் கேக்

அதே ஆர்ட்டெமிஸுக்கு எலஃபெபோலியா என்ற இன்னொரு விழா. அதற்குச் செய்யும் கேக்கின் பெயர் மான், வடிவமும் மான். கோதுமை வகை மாவு, தேன், எள் ஆகிய மூன்றையும் அதெனேயஸ் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். பொருள் பட்டியல் நேராகக் கிடைப்பது இதற்குத்தான். விலங்கு வடிவக் கேக் கிரேக்கத்தில் சகஜம். கொம்பு வைத்த ஒரு கேக்குக்கு 'ஏழாவது எருது' என்றே பெயர்.

இது சுலபம். வெள்ளை எள் 60 கிராமைப் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, பாதியைக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். கோதுமை மாவு 200 கிராம், எள் முழுவதும், தேன் 80 கிராம், ஆலிவ் எண்ணெய் 40 மி.லி., தண்ணீர் 40 மி.லி., உப்பு சிட்டிகை சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறு பங்காக்கி, ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் உடலுக்கு, மீதியில் கழுத்து, கால், கொம்பு. தட்டிலேயே படுக்கவைத்த மாதிரி செய்துவிடுங்கள். நிற்கும் மான் சுடும்போது முட்டி மடித்துவிடும். கொம்பை மெல்லிய கயிறாக உருட்டி இரண்டு கிளை விட்டு ஒட்டுங்கள். 165 டிகிரியில் 20 நிமிடம். 10 நிமிடத்துக்குப் பிறகு கொம்பின் மேல் மட்டும் அலுமினியத் தாள் துண்டு போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் உடல் வேகும் முன் கொம்பு கருகிவிடும். மேல் தேன் ஒரு பூச்சு போதும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு

அடி கனமான பெரிய பாத்திரம் அல்லது குக்கர். குக்கர் என்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றியே ஆக வேண்டும், உள்ளே தண்ணீர் கூடாது. அடியில் இரண்டு விரற்கடை உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஸ்டாண்ட் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் 10 நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு கேக் தட்டை உள்ளே வைத்து மிகச் சிறுதீ. போபனோனுக்கு 30 நிமிடம், அம்ஃபிஃபோனுக்கு 50 நிமிடம் வரை ஆகும். மேற்புறம் சிவக்காது, வேண்டுமானால் கடைசியில் சூடான தோசைக்கல்லில் ஒரு நிமிடம் கவிழ்த்து எடுக்கலாம். தேன் ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.

சரியாக வராவிட்டால்

போபனோன் கல் மாதிரி இறுகினால் மாவில் தண்ணீர் குறைவு அல்லது அடுப்பில் அதிக நேரம். அதை எறிய வேண்டாம். தேன் கலந்த வெந்நீரில் லேசாக நனைத்து ஒரு இரவு மூடி வைத்தால் தேன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மென்மையாக்கிவிடும். அம்ஃபிஃபோன் நடுவில் அமுங்கினால் கட்டியில் நீர் மிச்சம். தேன் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றால் கேக் ஆறிப்போயிருக்கிறது. திரும்ப ஐந்து நிமிடம் சூடுகாட்டிக் குத்திவிடுங்கள். அடி மட்டும் கருகினால் தட்டை ஓவனில் ஒரு படி மேலே ஏற்றுங்கள்.

படைப்பதும் சாப்பிடுவதும்

படையலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடத்தவில்லை. சிலவற்றைப் பலிபீடத்துத் தீயில் முழுசாக எரித்தார்கள், யாரும் தொடக் கூடாது. சிலவற்றைக் கோயில் மேசையில் வைத்தார்கள், அது பூசாரிக்குப் போய்ச் சேர்ந்தது. அரிஸ்டோபனீஸ் கி.மு. 388இல் மேடையேற்றிய நகைச்சுவை நாடகத்தில், அஸ்க்லெப்பியோஸ் கோயிலில் இரவு படுத்திருக்கும் ஓர் அடிமை கண்ணைத் திறந்து பார்க்கிறான். பூசாரி மேசையில் இருந்த கேக்கையும் அத்திப்பழத்தையும் வாரி எடுத்துவிட்டு, ஒவ்வொரு பலிபீடமாகச் சுற்றி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடி, கிடைத்ததையெல்லாம் பைக்குள் 'அர்ப்பணம்' செய்கிறார்.

கொரிந்து நகரின் மேல்குன்றில் தானியத் தேவி டெமெட்டரின் கோயில் இடிபாடுகளில், சின்னஞ்சிறு களிமண் முறங்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் களிமண்ணிலேயே செய்த குட்டிக் கேக்குகள் அடுக்கியிருக்கும். உருண்டை, வட்டம், குமிழ் வைத்தது என்று விதவிதமாகப் பார்க்கலாம். வடிவத்தில் சந்தேகம் வந்தால் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். எழுத்தில் இருப்பதைவிடத் தெளிவாகப் புரியும்.

மேசையில் உலர் அத்தி, வால்நட், கெட்டித் தயிர் பக்கத்தில் இருந்தால் நன்றாகப் போகும். போபனோனும் மானும் மறுநாள்தான் உண்மையான சுவைக்கு வரும். காற்றுப் புகாத டப்பாவில் போபனோன் 5 நாள், மான் 10 நாள் நிற்கும். அம்ஃபிஃபோனில் பாலாடைக்கட்டி இருப்பதால் ஃபிரிட்ஜில் 2 நாள்தான், சாப்பிடும் முன் அரை மணி நேரம் வெளியே வைத்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. சுட்ட தேனும் அதில் அடக்கம். பொட்டுலிசம் உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கேக் வேகும் சூட்டில் சாகாது.